மூன்று நிமிடச் சாட்சியம்

நான் டவுன் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியும், மைக்கைப் பிடிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவன் மூன்று வருஷத்தில் நூறு கூட்டங்களுக்குக் குறையாமல் பேசியிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? எல்லாக் கூட்டத்திலும் ஒரே பேச்சுதான், மூன்று நிமிடம். குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு முப்பது நாள் விடுப்பு கொடு, முதல் ஆறு வாரம் பெற்றவளைப் பார்க்க நர்ஸை வீட்டுக்கு அனுப்பு, இரண்டையும் சட்டமாக்கு. தொண்டை கிழியக் கத்தினேன்.

உடனே பெரிய தியாகி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் அக்கா வீட்டில் இருக்கிற என் பெண்டாட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். சட்டம் வந்துவிட்டால் அவளும் வந்துவிடுவாள் என்று நம்பினேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் டெப்போவில் மாத்து டூட்டி என்று ஒன்று உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் இருக்காது. உனக்கு இன்றைக்கு வர முடியவில்லையா, உன் வண்டியை நான் எடுக்கிறேன். எனக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் என் வண்டியை நீ எடுக்க வேண்டும். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். டைம் கீப்பர் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார். குழந்தை பிறந்தால் தகப்பனுக்குக் கொடுக்கிற லீவு மூன்றே நாள். மூன்று நாளில் பிள்ளையை எப்படித் தூக்குவது என்றுகூடப் பழகாது. அதனால் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே நான் மாத்து டூட்டி சேர்க்க ஆரம்பித்தேன். எவன் கேட்டாலும் ஓட்டினேன். காலை ஷிப்ட் என்னுடையது, மாலை ஷிப்ட் இன்னொருவனுடையது. எட்டு மாதத்தில் இருபத்தாறு நாள் சேர்த்துவிட்டேன். டெப்போவே சிரித்தது. "என்னடா, பொண்டாட்டிக்குப் பதிலா நீ சுமக்கறியா?" என்றான் ஹாரன். அவன் என் நண்பன், இன்னொரு டிரைவர். வண்டியில் ஹாரன் இல்லாவிட்டாலும் அவன் குரலே போதும், அதனால் அந்தப் பெயர்.

அவள் அப்போது ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், வாரைக் கழற்றிவிட்டு நடந்து வருவாள். வீட்டுக்கு வந்தால் நான் இருக்க மாட்டேன்.

"இப்ப இருடா. அப்புறத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்பாள்.

"லூசு, உனக்காகத்தான் ஓடறேன். பொறக்கட்டும், ஒரு மாசம் உன் காலடியிலயே கிடக்கறேன் பாரு."

"இப்பத்தான்டா எனக்குப் பயமா இருக்கு."

பயமாவது ஒன்றாவது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். என்னைப்போல் கெட்டிக்காரன் உலகத்தில் கிடையாது என்று அப்போது எனக்கு நினைப்பு.

மகள் பிறந்தாள். மூன்று நாள் லீவு முடிந்து நாலாவது நாள் டெப்போவுக்குப் போனால், புது மேனேஜர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நோட்டீஸ் போர்டில் நாலே வரி ஒட்டியிருந்தது. இனிமேல் மாத்து டூட்டி கிடையாது, அவரவர் வண்டியை அவரவரே எடுக்க வேண்டும், மீறினால் சஸ்பெண்ட். என் இருபத்தாறு நாளும் யானை வாயில் போன கரும்பு. மேனேஜர் அறைக்குப் போய்க் கெஞ்சினேன். "உங்களுக்குள்ள பேசிக்கிட்டதுக்கு நான் என்னப்பா பண்றது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்கிறபோது எனக்கு அவர் மேஜையைத் தூக்கிக் கவிழ்க்கலாம்போல் இருந்தது.

வீட்டில் அவள் தூங்குவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை தூங்கும்போதும் தூங்க மாட்டாள். மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். தலை வாருவதில்லை. தட்டில் போட்டது போட்டபடி காய்ந்து கிடக்கும். ஒருநாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என்னையே பாக்குதுடா. பாக்கறப்ப எனக்கு என்னமோ மாதிரி இருக்கு," என்றாள்.

"பெத்தவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்," என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? டீக்கடையில் எவனோ சொன்னதை டாக்டர் மாதிரி எடுத்துவிட்டேன். அவளுக்கு அம்மா இல்லை. அவள் அக்கா இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரம். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைக்கு ஊசி போட வேண்டிய தேதி எழுதின அட்டை ஒன்று கொடுத்தார்கள். அவளைப் பற்றி அந்த அட்டையில் ஒரு வரி இல்லை.

இனி சொல்லப்போவதை அந்த நூறு கூட்டத்திலும் நான் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

நாற்பத்தோராவது நாள் காலையில் ஹாரன் யூனிபார்மோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். "டேய், இன்னிக்கு மேனேஜர் ஹெட் ஆபீஸ் போயிட்டாரு. டைம் கீப்பர்கிட்டப் பேசிட்டேன். உன் வண்டிய நான் எடுக்கறேன். நீ வீட்ல இரு," என்றான். அவனுக்கு அன்றைக்கு வார ஓய்வு. எனக்காக வந்திருந்தான். அவள் எனக்குப் பின்னால் பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருடா இன்னிக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் ஹாரனைப் பார்த்து, "வேணாம்டா, மாட்டினா ரெண்டு பேர் வேலையும் போயிடும்," என்றேன். பொய். மாட்டுவதற்கு அன்றைக்கு வழியே இல்லை, அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எனக்கு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்த அழுகை, பால் புளித்த வாடை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அவள் முகம். வண்டியில் ஏறிவிட்டால் அறுபது பேர் இருந்தாலும் எவனும் என்னிடம் வந்து அழ மாட்டான். நிறுத்தம் வந்தால் நிறுத்த வேண்டும், பெல் அடித்தால் எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை அது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று லஞ்ச் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் கதவைக்கூடச் சாத்தவில்லை.

மதியம் இரண்டரைக்கு டூட்டி முடித்து டெப்போவுக்குள் நுழைந்தால், தவறிய பொருள் அறை வாசலில் ஒரே கூட்டம். பயணிகள் வண்டியில் விட்டுப்போகிற குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு எல்லாம் வைக்கிற அறை அது. வேறொரு ரூட் வண்டியில் எவளோ பிள்ளையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம். நானும் எல்லாரையும் போலத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். "பெத்தவளா அவ?" என்று யாரோ திட்டினார்கள். "அதானே," என்று நானும் சொன்னேன் என்று நினைக்கிறேன். மேஜையில் குடைகளை ஒதுக்கிவிட்டு ஒரு துண்டை விரித்து அதில் படுக்க வைத்திருந்தார்கள். மஞ்சள் சட்டை. காலையில் நான் பார்த்துவிட்டு வந்த மஞ்சள் சட்டை.

டைம் கீப்பர் பழக்கதோஷத்தில் நோட்டில் பதிந்து வைத்திருந்தார். கறுப்புக் குடை ஒன்று, அதற்குக் கீழே கைக்குழந்தை ஒன்று. நான் கையெழுத்துப் போட்டு என் மகளை வாங்கிக்கொண்டேன்.

என் பெண்டாட்டியை மாலையில்தான் கண்டுபிடித்தார்கள். கண்ணாடிக் கடை மூலையில், பழைய இடத்தில், மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற மனநோய், முதல் வாரமே யாராவது பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். குழந்தை நல அலுவலகத்தில் பிள்ளையை என்னிடம் கொடுக்கவில்லை. டூட்டிக்குப் போகிறவன் எப்படி வளர்ப்பான் என்று அவள் அக்காவிடம் ஒப்படைத்தார்கள். அவளும் தேறி வந்ததும் அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைமீது உயிரையே வைத்திருக்கிறாள். என்னிடம் மட்டும் பேச்சு மாறிவிட்டது. வாடா போடா என்றிருந்தவள் நீங்க, வாங்க என்கிறாள். அந்த மரியாதைக்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பிள்ளையை ஒப்படைக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றுதான் நான் அந்த அலுவலகத்தில் கத்தினேன். "மூணு நாள் லீவுல எவன் பிள்ளை வளப்பான்? உங்கள்ல எவனாவது வளத்திருக்கானா? மூணு நாள் குடுத்தவன் இங்க வரட்டும்!" நாற்காலியை உதைத்ததாகவும் சொல்கிறார்கள். வராந்தாவில் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். மழலையர் பள்ளி ஆசிரியை, குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் நல்ல சட்டம் வேண்டுமென்று அலைகிற ஒரு சங்கத்தின் செயலாளர். என்னைத் தேடி வந்து, "கத்தறதுதான் கத்தறீங்க தம்பி, கேக்க வேண்டியவங்க முன்னாடி வந்து கத்துங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டீச்சரம்மா என் கதையை உட்காரவைத்துக் கேட்டார். மாத்து டூட்டியைப் பற்றிச் சொன்னபோது கையமர்த்தினார். "அதெல்லாம் வேணாம். வெளியாளுக்குப் புரியாது. லீவு கேட்டீங்க, குடுக்கல, வீட்ல ஆளில்ல, அவங்க உடம்பு முடியாம பிள்ளைய பஸ்ல மறந்துட்டாங்க. மூணு நிமிஷத்துல இதான் நிக்கும்." ஹாரன் வாசலில் வந்து நின்றதை நான் அவரிடம் சொல்லவேயில்லை. அவர் வெட்டினது பாதி, நான் முழுங்கினது பாதி. மிச்சம் இருந்ததை ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன்.

கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசினேன் போல. தொழிற்சாலை வாசலில், ஆஸ்பத்திரி ஊழியர் கூட்டத்தில், கல்லூரியில், கட்சிக்காரர்கள் அறையில். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னார்கள். ஒருத்தர் எழுபது வயசிருக்கும், "என் சம்சாரமும் அப்ப இப்படித்தான் இருந்தா, எனக்கு இன்னிக்குத்தான் புரியுது," என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றார். அந்த நிமிடங்களில் நான் பொய் சொல்கிறேன் என்று எனக்கே தோன்றாது. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்தானே, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதானே என்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

வார ஓய்வு அன்று அக்கா வீட்டுக்குப் போவேன். மகள் வந்து மடியில் ஏறிக்கொள்வாள். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"எங்க பேசினீங்க இந்த வாரம்?"

"நூல் மில்லுல. நல்ல கூட்டம்."

"என்ன பேசினீங்க?"

"எப்பவும் பேசறதுதான்."

ஓ என்பாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி. நான் செய்கிற வேலைமீது அவளுக்கு அக்கறை வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன். இலவு காத்த கிளி என்பார்களே, அந்தக் கிளிக்குக்கூட என்னைவிடக் கொஞ்சம் மூளை இருந்திருக்கும்.

அவள் அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "ஊருக்குத்தான் உபதேசம்," என்று அடுக்களையிலிருந்து சத்தமாகச் சொல்வார். நான் கேட்காதது மாதிரி இருந்துவிடுவேன்.

மூன்றாவது வருஷம் சட்டம் நிஜமாகவே பக்கத்தில் வந்தது. வரைவு தயாராகி, ஒன்பது பேர் கொண்ட குழுவிடம் போயிற்று. நாலு பேர் நம் பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம், தலைவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று டீச்சரம்மா விரல் விட்டு எண்ணினார். தலைவர் ஒன்று கேட்டாராம். "கணவர் பேசினதைப் படிச்சேன். அந்தம்மாவையே ஒரு தடவை கேக்கணும்." டீச்சரம்மா தயங்கினார். நான்தான் குதித்தேன். அவள் வந்து நாலு வார்த்தை சொன்னால் கல்லும் கரையும், சட்டம் வரும், அன்றைக்கே பெட்டியோடு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

போய்க் கேட்டேன். அக்கா தாம்தூம் என்று குதித்தார். அவள் பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பத்து விரலையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வர்றேன். ஆனா என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

"நீங்களும் அங்க இருப்பீங்கல்ல?"

"பின்ன? பக்கத்துலயே இருப்பேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டைத் துடைத்தேன். அடுப்பு மேடையில் மூன்று வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. மகளுக்கு ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டு, ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, விருந்தாளியா?" என்று கேட்டார். "வீட்டுக்காரி," என்றேன். சொல்லும்போதே வாயெல்லாம் பல்.

குழு கூடிய அறையில் நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஆளுக்கொரு மைக். அவளுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். பயப்படுவாள் என்று நினைத்தேன். எதிரே இருந்த உறுப்பினர் அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதை லென்ஸ் தேய்த்த பழக்கத்தில் ஒரு நொடி உற்றுப் பார்த்தாள், பிறகு தலைவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்கம்மா. அவசரமில்ல," என்றார் தலைவர்.

"பதினோரு மணிக்குப் பாப்பாவுக்குப் பால் குடுத்தேன். சட்டை மாத்தல, காலைல போட்டதே நல்லாதான் இருந்துச்சு. தூக்கிட்டு ஸ்டாப்புக்குப் போய் பஸ் ஏறினேன். ஜன்னலோரச் சீட்டுல படுக்கவெச்சு, உருண்டு விழாம இருக்கப் பைய முட்டுக் குடுத்தேன். மூணு ஸ்டாப் தள்ளி நான் இறங்கிட்டேன்."

"உடம்பு முடியாததால பிள்ளைய மறந்துட்டீங்க..." என்று தலைவரே தொடங்கினார்.

"மறக்கல."

அறையில் பேனா ஓடுகிற சத்தம் நின்றது.

"அந்த பஸ் கடைசியா இவரோட டெப்போவுக்குத்தான் போகும். அதான் அதுல ஏறினேன். நான் வெச்சிருந்தா பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. இவர்கிட்டப் போய்ச் சேரட்டும்னு அனுப்பிவெச்சேன். வேற யார்கிட்ட அனுப்பறது?"

ஒரு பெண் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மூக்கை உறிஞ்சினார். ஜெயித்துவிட்டோம் என்று டீச்சரம்மா என் முழங்கையை அழுத்தினார். அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்காரர் மைக்கை இழுத்தார். முதலாளிகள் சங்கத்தின் சார்பில் வந்திருந்தவர் அவர்.

"ஒரே ஒரு கேள்விம்மா. அன்னிக்கு உங்க கணவருக்கு வீட்ல இருக்க வழியே இல்ல, அப்படித்தானே?"

அவள் யோசிக்கவில்லை. "லீவு கிடையாது. ஆனா இவரோட ஃப்ரெண்டு காலைல வந்து, நான் வண்டி எடுக்கறேன், நீ இருன்னு சொன்னாரு."

"அப்ப இருந்திருக்கலாம்?"

"இருந்திருக்கலாம்."

"ஏன் இருக்கல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணில் மரியாதை இல்லை, பழைய உரிமை இருந்தது. "அத அவருதான் சொல்லணும்," என்றாள்.

ஒன்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு மூன்று நிமிடப் பேச்சு தலைகீழாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரிக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில், "டூட்டி... விட முடியாத டூட்டி சார்," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "ஏன்டி இப்படிக் கவுத்துட்ட? எத்தன குடும்பம் இத நம்பிக்கிட்டு இருக்கு தெரியுமா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"கொஞ்சம் பாத்துப் பேசியிருக்கலாம்ல?"

"நீங்க பேசறது அத்தனையும் கேட்டிருக்கேன். சங்கத்துல போடற வீடியோவ எல்லாம் ஃபோன்ல வெச்சுக் கேப்பேன். இன்னிக்காவது அந்த வரி வரும், இருந்திருக்கலாம், ஆனா போயிட்டேன்னு சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் கேப்பேன். கூட்டத்துல சொல்ல வேணாம், வாராவாரம் எங்கிட்டயாவது சொல்லுவீங்களான்னு வாயப் புடுங்கிப் பாத்தேன். இப்ப அவ்வளவு பேர் முன்னாடி எடுத்தும் குடுத்தேன். அங்கயும் டூட்டின்னுட்டீங்க."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அக்கா நடுவில் வந்து, "ஆட்டோ நிக்குது," என்றார்.

ஒரு மாதத்தில் குழுவின் அறிக்கை வந்தது. நர்ஸ் வருகை, நிதிநிலையைப் பொறுத்துப் பின்னர் பரிசீலிக்கப்படும். தகப்பன் விடுப்பு நீக்கப்பட்டது. காரணமும் எழுதியிருந்தார்கள். 'வாய்ப்பு கிடைத்தாலும் தந்தையர் வீட்டில் இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை என்பது சாட்சியங்களிலிருந்தே தெரியவருகிறது.' அச்சில் ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரி நான்தான்.

டீச்சரம்மா திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "அதையே பேச்சா ஆக்கியிருப்பேன். பழக்கமில்லாத மனுஷன் பயந்து ஓடத்தான் ஓடுவான். அதுக்குத்தான் லீவும் வேணும், கூட இருந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆளும் வேணும். நீங்க ஓடினதுதாம்ப்பா நம்மகிட்ட இருந்த நல்ல சாட்சி." அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அழைப்பும் வரவில்லை.

டெப்போவில் ஒரு கண்டக்டருக்குப் பெண்டாட்டி நிறைமாசம். "என்ன அண்ணே, இந்தத் தடவ நமக்குக் கிடைக்கும்னீங்களே?" என்று கேட்டான். வண்டிக்குக் கீழே எதையோ பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஹாரன் மட்டும் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மூன்று வருஷமாக நான் என்ன மறைக்கிறேன் என்று தெரிந்தும் யாரிடமும் வாயைத் திறக்காத ஒரே மனுஷன், ஹாரன் என்று பேர் வாங்கினவன்.

பிறகு வந்த வார ஓய்வு அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். வழி நெடுக அந்த வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் உள் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பயணப் பை, வாய் திறந்து கிடந்தது. அதிலிருந்து துணிகளை எடுத்து உதறி மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கூடவே நின்று எடுத்துக் கொடுத்தாள்.

நான் வாசற்படியிலேயே நின்று சொன்னேன். "அன்னிக்கு நான் இருந்திருக்கலாம். ஹாரன் வந்தான். மாட்டிக்குவோம்னு சொன்னது பொய். எனக்கு வீட்ல இருக்கப் பிடிக்கல. உன்னப் பாக்கவே பயமா இருந்துச்சு. அதான் ஓடிட்டேன்." சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். நூறு மேடையில் வராத அழுகை.

அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கப்புறம் சொல்றீங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து எங்க துணியெல்லாம் இந்தப் பையிலதான் இருந்துச்சு. அலமாரில வெக்கல. நீங்க இத ஒரு தடவ சொன்னா, சொன்ன அன்னிக்கே தூக்கிட்டு வந்துடலாம்னு. அக்கா தினம் திட்டுவா, எத்தன நாளைக்கு இப்படிப் பையிலேர்ந்து எடுத்து எடுத்துக் கட்டுவன்னு."

"இப்பதான் சொல்லிட்டேனே," என்றேன். பிச்சை கேட்கிறவன் குரல்தான் அது.

அவள் பையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டி, நான்காக மடித்து அலமாரிக்கு மேலே வைத்தாள்.

மகள் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கீழ்வரிசையைக் காட்டினாள். அவளுடைய சட்டைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. "அப்பா, இந்த இடம் எனக்காம். பெரியம்மா குடுத்தாங்க. நல்லாருக்கா?"

நல்லா இருக்கு என்று சொன்னேன்.